பென்சிலில் எழுதிய வரி

அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த வேட்டிகளுக்கு அடியில் கையை விட்ட ஆரணியின் விரல்களில், துணிக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு மூலை தட்டுப்பட்டது.

அப்பாவுக்கு உடுத்துவதற்கு வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் கொண்டுவரும்படி, பிரேதத்தைப் பெட்டியில் வைக்கும் மலர்ச்சாலைக்காரர் சொல்லியிருந்தார்கள். அன்று வியாழக்கிழமை. விடியற்புறம் நாலரை மணிக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அப்பா வாகீசனின் உயிர் பிரிந்தது. தலையில் அடிபட்டதால் நேர்ந்த சாவு என்றபடியால், மரண விசாரணை அதிகாரி பதினொரு மணிக்கு வந்து விசாரித்த பின்னரே உடலைத் தருவார்கள். அதற்குள் உடுப்போடு திரும்ப வேண்டுமென்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தவள், அந்த மூலையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

சிவப்புத் துணி முதுகு ஒட்டிய நீளக் கொப்பி. அட்டையில் அப்பாவின் உருண்டையான எழுத்தில் ‘விபத்துப் பதிவேடு’ என்றிருந்தது. இணுவில் கோயிலின் உபயகாரர் பெயர்ப்பலகை முழுவதும் அந்தக் கையால் எழுதப்பட்டதுதான். கந்தப்புவின் மரக்காலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்த வாகீசன், மரம் அரியும் ஆலையின் புத்தகங்களைக்கூடக் கோயில் சுவர்போலத் துப்புரவாக வைத்திருந்தார். ஆனால் இந்தக் கொப்பி மரக்காலை மேசையின் இழுப்பு லாச்சியை விட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை. வீட்டு அலமாரியில், வேட்டிக்கு அடியில், இதற்கு என்ன வேலை?

அவள் கட்டில் விளிம்பில் அமர்ந்து அட்டையைத் திறந்தாள். உட்பக்கத்தில் சட்டத்தின் சாரத்தை அப்பா எழுதி ஒட்டியிருந்தார். வேலைத்தலத்தில் அடிபட்டவர் மூன்று நாள்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாதிருந்தாலோ, உயிரிழந்தாலோ, தொழில் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

சட்டம் மூன்று நாள் தந்திருந்தது. மரக்காலை அந்த மூன்று நாளுக்குள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. யாருக்கேனும் அடிபட்டால் வாகீசன் அன்றைக்கே அதைப் பென்சிலால் எழுதுவார். மூன்றாம் நாள் காலையில் முதலாளி கந்தப்பு தமது வான் வண்டியை அனுப்பி அடிபட்டவரைக் கூட்டிவரச் செய்வார். கட்டுப்போட்ட கையோடோ காலோடோ வந்தவர் வாசற் படலையடி வாங்குப்பலகையில் இருப்பார், தேநீர் குடிப்பார், வரவுப் புத்தகத்தில் ஒப்பமிடுவார். வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று ஆகிவிடும். படுத்திருந்த நாள்களுக்கும் சம்பளம் குறையாது. முதலாளிக்கும் நிம்மதி, தொழிலாளிக்கும் நிம்மதி. வாகீசன் அழிறப்பரை எடுத்து அந்த வரியை அழித்துவிடுவார். மையால் எழுதவேண்டிய நாலாம் நாள் அந்த மரக்காலைக்கு வந்ததேயில்லை. இதையெல்லாம் அவர் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லுவார், ஒருவருக்கு உதவி செய்துவிட்டு வந்த மனிதரின் முகத்தோடு.

முதற்பக்கத்தில் பதினொரு வரிகள் அழிக்கப்பட்டிருந்தன. அழித்து அழித்துத் தாள் மெலிந்து, வெங்காயத்தின் உட்தோல்போல ஆகியிருந்தது. பன்னிரண்டாவது வரி மட்டும் அழியாமல் இருந்தது.

‘திங்கட்கிழமை. க. வாகீசன், எழுதுவினைஞர். மேல்தட்டில் பலகை எண்ணிவிட்டு இறங்குகையில் ஏணியின் மூன்றாம் படி கழன்று விழ நேர்ந்தது. தலையின் பின்புறம்.’

‘வேலைக்குத் திரும்பிய நாள்’ என்ற கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. கொப்பியின் நடுமடிப்பில் கூர்சீவிய பென்சிலும், ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்த அழிறப்பரும் கிடந்தன.

சைக்கிளால் விழுந்ததாகத்தான் திங்கள் மாலை அவர் வீட்டில் சொன்னார். இரண்டு நாள் தலையிடியோடு படுத்திருந்தார். புதன் மாலை சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுத்து, பேச்சுக் குழறியபோது வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே வைத்தியர் கேட்டபோதும், ஒவ்வொரு எழுத்தாக, “சை…க்கிள்” என்றே சொன்னார். சைக்கிளின் மட்காட்டில் ஒரு கீறல்கூட இல்லையென்பதை ஆரணி திங்களன்றே கண்டிருந்தாள். கண்டும் கேட்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மா உதயகலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் கொப்பியில் நின்றன.

“அவர் சைக்கிளாலை விழேல்லைப் பிள்ளை,” என்றாள்.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“அவரின்ரை சட்டையிலை ஒவ்வொரு நாளும் மரத்தூள் இருக்கும். கையிலை, கழுத்திலை. அண்டைக்கு முதுகு முழுக்கக் கிடந்தது.” பின்வளவுப் பக்கம் பார்த்தாள். “நான் தோய்ச்சுப் போட்டன்.”

பின்கொடியில் அந்த நீலச் சட்டை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அதை எடுத்து மடிக்க எவருக்கும் கை வரவில்லை.

முற்றத்தில் மரக்காலையின் சிறிய லொறி வந்து நின்று பிளாத்திக்குக் கதிரைகளை இறக்கத் தொடங்கியது. கூடவே கந்தப்பு முதலாளியும் வந்திறங்கினார். செத்தவீட்டுப் பந்தல், கதிரை, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் எவரும் கேட்காமலே அவர் பொறுப்பேற்றிருந்தார். கல்நெஞ்சக்காரர் அல்லர், நல்லூர்த் திருவிழாவுக்குத் தொழிலாளர் எல்லாருக்கும் வேட்டி வாங்கிக் கொடுக்கிறவர். வாசலுக்கு வந்த ஆரணியைக் கண்டதும் தோளிலிருந்த துவாயால் முகத்தை ஒற்றினார்.

“என்ரை வலக்கை போயிட்டுது பிள்ளை,” என்றார். அது மெய்யாகவே வந்த சொல்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சிவப்புக் கொப்பி லாச்சியிலை இல்லை. இஞ்சை கிடக்கோ?”

“ஏன் முதலாளி?”

“கந்தோர்ச் சாமான். உரிய இடத்திலை இருக்க வேணும். பொலிஸ் வந்து நிண்டு கேட்டா நல்லாயிராது.” அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “நீ பாத்திட்டாய், என்ன?”

அவளுடைய பார்வை அறைப் பக்கம் போய் வந்தது.

“பிள்ளை, நான் வாகீசன்ரை பேருக்குத்தான் யோசிக்கிறன். ஏணி என்ரை, அதை நான் ஒத்துக்கொள்ளுவன். ஆனா அந்தக் கொப்பியிலை அழிச்சது ஆரின்ரை கை? என்ரையோ? ஊரிலை வாகீசன் எண்டா நேர்மையான மனுசன் எண்டு சொல்லுதுகள். நாளைக்கு என்ன சொல்லுவினம்? சைக்கிளாலை விழுந்தனான் எண்டு டொக்டருக்குச் சொன்னதும் அவர்தானே. செத்தவனைப் பொய்யனாக்கிறதோ, நீயே சொல்லு.”

கேட்டது நியாயம்போலவே இருந்தது. அப்பா விழுந்ததைச் சொல்லும் அதே பக்கம், அப்பா அழித்ததையும் சொல்லும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அந்தத் தாளில் வழியில்லை.

“ஆஸ்பத்திரிக்கு நேரம் போகுது முதலாளி. முதல் உடுப்பைக் குடுத்திட்டு வாறன்,” என்றாள்.

உள்ளே போய், வேட்டியின் மடிப்புக்குள் கொப்பியை வைத்துப் பையில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டினாள்.

ஒழுங்கை முகப்பில் ஜெயசுதன் தன் ஓட்டோவோடு காத்திருந்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன்வரை மரக்காலையில் மரம் அரியும் வாளடியில் நின்றவன். இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அந்த வாளோடு போன பிறகு ஓட்டோ ஓட்டத் தொடங்கினான். இணுவில் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறிக்கப் பார்த்துவிட்டுப் பிறகு போகவிட்டார்.

“பயந்திட்டீரோ தங்கச்சி?” என்றான் ஜெயசுதன், கண்ணாடி வழியே அவளைப் பார்த்து. “எட்டு விரலாலை ஓட்டுறன் எண்டு இண்டைவரைக்கும் மறிக்கேல்லை. லைசன்சிலை விரல் கணக்குக் கேக்கிறேல்லை.”

அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து கொப்பியின் சிவப்பு முதுகைக் காட்டினாள். ஓட்டோவின் வேகம் தானாகக் குறைந்தது.

“இதிலை நீங்கள் எத்தினையாம் வரி அண்ணை?”

“ஆறாவது,” என்றான் உடனே. சிறிது தூரம் சென்ற பின் தொடர்ந்தான். “வாகீசண்ணையைக் குறை நினையாதையும். நான்தான் அழிக்கச் சொன்னனான். மனுசி வயித்தோடை இருந்தவ. ஒரு கிழமைச் சம்பளம் போனா அடுப்பு எரியாது. அவர் றப்பரைக் கையிலை வைச்சுக்கொண்டு ‘அழிக்கட்டோ? அழிக்கட்டோ?’ எண்டு என்னை மூண்டு தரம் கேட்டவர். மூண்டு தரமும் ஓமெண்டனான். பிறகு எட்டு மாதத்தாலை அதே வாளிலை ஜெறோமின்ரை பெருவிரல் போச்சுது. அந்த வாளுக்கு மூடி போடவேணும் எண்டு ஆரும் வந்து சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுவினம்? கொப்பியிலை பாத்தா என்ரை விரல் ஓரிடத்திலையும் போகேல்லையே.”

ஓட்டோ தட்டாதெருச் சந்தியில் நின்றது.

“இப்ப என்ரை கையைப் பாக்கிற ஆக்கள், சண்டையிலை போனதோ எண்டு கேக்கினம். நானும் ஓமெண்டு விடுறனான்,” என்றான். “அதுக்கெண்டாலும் ஒரு மரியாதை கிடக்கு.”

வைத்தியசாலை வாசலில் அவளை இறக்கிவிட்டு, ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான்.

பிரேத அறைக்குப் பக்கத்து விறாந்தையில் முருகேசு மாமா காத்திருந்தார். உதயகலாவின் தமையன். இரவு முழுவதும் நின்ற களைப்பில் கண்கள் சிவந்திருந்தன. ஆரணி அவருக்குக் கொப்பியைக் காட்டவில்லை. வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காத்திருப்பில், சின்னவயதில் அப்பா சொல்லும் ஒரு கதை அவளுக்கு நினைவுக்கு வந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. அவரே கட்டியது.

ஒரு காட்டில் அடிபட்ட மிருகங்களின் பெயரைத் தேக்கிலையில் எழுதும் வேலையைச் சிங்கராசா ஓர் அணிலுக்குக் கொடுத்திருந்தார். குளத்துக்குப் போகும் பாதையில் ஒரு முள்மரம் சாய்ந்து கிடந்தது. முயல் நொண்டிக்கொண்டு வந்தது. “என்ரை பேரை எழுதாதையும் அணிலாரே, எழுதினா ராசா என்னைப் பொந்துக்குள்ளை கிட எண்டிடுவார், நான் எப்பிடிப் புல்லுத் தின்னுறது?” என்று அழுதது. இரக்கப்பட்ட அணில் தன் வாலால் இலையைத் துடைத்தது. பிறகு மான் வந்தது, மயில் வந்தது, அணில் துடைத்துக்கொண்டேயிருந்தது. முழுநிலவுப் பறுவத்தன்று சிங்கராசா இலையை வாங்கிப் பார்த்தார். ஒரு பெயருமில்லை. “என்ரை காட்டிலை ஒருத்தருக்கும் நோவில்லை!” என்று மகிழ்ந்து எல்லாருக்கும் விருந்து வைத்தார். கதை அவ்வளவுதான். இந்த இடத்தில் அப்பா கையைத் தட்டுவார்.

“அப்ப அந்த முள்ளு, அப்பா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். ஏழு வயதிருக்கும்.

தட்டிய கையை அப்பா இறக்கினார். “முள்ளோ? முள்ளுக் கதையிலை இல்லையம்மா,” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

“வாகீசனின்ரை ஆக்கள் வாங்கோ,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி நரைத்த, மெதுவாகப் பேசும் மனிதர். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் எழுதத் தயாராக இருந்தார். யன்னலால் விழுந்த வெயில் மேசையின் பாதியை மூடியிருந்தது.

“எப்பிடி விழுந்தவர்?”

“சைக்கிளாலை, ஐயா,” என்றார் முருகேசு. “திங்கக்கிழமை பின்னேரம், வேலையாலை வரேக்கை.”

“ஆஸ்பத்திரித் துண்டிலையும் அப்பிடித்தான் கிடக்கு.” அதிகாரி ஆரணியின் பக்கம் திரும்பினார். “நீர் மகளோ? அப்பிடித்தானோ பிள்ளை?”

ஓம் என்ற ஒரு சொல் போதும். பொலிஸ்காரரின் பேனை அதற்காகத் தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. ‘சைக்கிள்’தான் அப்பா கடைசியாக இந்த உலகத்துக்குச் சொன்ன சொல். அவருடைய சொல்லை அவர் மகளே மறுப்பதா? ஆரணி பையைத் திறந்தாள். வேட்டியின் மடிப்பு கலைந்துவிடாதபடி கொப்பியை மெல்ல உருவியெடுத்து, நடுமடிப்பிலிருந்த பென்சிலையும் அழிறப்பரையும் கைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திறந்து, மேசையின் வெயில் விழுந்த பாதியில் வைத்தாள்.

“இதிலை எழுதியிருக்கு, ஐயா.”

முருகேசு மாமாவின் கை அவள் முழங்கையைப் பற்றியது. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“இது பென்சிலாலை எழுதியிருக்கே.”

“அப்பா முதல் பென்சிலாலைதான் எழுதுறவர்.”

“பிறகு?”

“மூண்டு நாள் பாத்துப் போட்டு…” வெறுமையாக இருந்த கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டாள். “இண்டைக்கு மூண்டாம் நாள், ஐயா.”

அதிகாரி அந்தத் தாளை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெயில் தாளின் ஊடாக வந்தது. அழித்த வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எழுத்தின் கரி போயிருந்தது, பென்சில் அழுத்திய பள்ளம் போகவில்லை. பெயர்கள், திகதிகள், ‘இரண்டு விரல்கள்’, ‘வலது பாதம்’, ‘இடது கண்’. எல்லாம் ஒரே உருண்டையான கையெழுத்து.

“மேலை பதினொண்டு அழிச்சிருக்கு. ஆர் அழிச்சது?”

“ஆரணி, பேசாமலிரு,” என்றார் மாமா, மூச்சுக்குள்.

“அப்பா,” என்றாள் அவள். “எல்லாம் அப்பாதான் அழிச்சவர்.”

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். முருகேசு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்த ஆக்கள் இருக்கினமோ? ஆரும் வந்து சொல்லுவினமோ?” என்று அதிகாரி கேட்டார், எவரிடமென்று இல்லாமல்.

வாசலில் ஒரு செருமல் கேட்டது. உடுப்புப் பையைக் கேட்டுவந்த மலர்ச்சாலைக்காரருக்குப் பின்னால் ஜெயசுதன் நின்றான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது எழும்புகிற பிள்ளையைப்போல இடக்கையை உயர்த்தினான்.

“ஆறாவது வரி நான்தான், ஐயா.”

சனிக்கிழமை மதியம் வாகீசனை வீட்டிலிருந்து எடுத்தார்கள். மகன் பிரவீணன் கொழும்பிலிருந்து வந்து கிரியைகளைச் செய்தான். சுண்ணம் இடித்தாயிற்று. பறைச் சத்தத்துக்கு நடுவிலும் கதைகள் ஆரணியின் காதில் விழுந்தன. வெள்ளிக்கிழமை தொழில் திணைக்களத்திலிருந்து வந்தவர்கள் ஏணியைப் படமெடுத்து, வாளை நிறுத்திவைத்துவிட்டுப் போனார்களாம். மூடி போட்ட பிறகே அது சுழலுமாம்.

“ரண்டு நாளா வேலையில்லை,” என்று பந்தலுக்குள் ஒருவன் முணுமுணுத்தான். “இருக்கேக்கை சோறு போட்ட மனுசன், போகேக்கை எங்கடை வயித்திலை அடிச்சிட்டுப் போறார்.”

“அவர் எங்கை அடிச்சவர்? மோள்தான் அடிச்சது,” என்றான் இன்னொருவன். “தேப்பனைக் கள்ளனாக்கி ஒரு மோள்!”

ஆரணி தலை நிமிரவில்லை. அம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கந்தப்பு வந்திருந்தார். தாம் அனுப்பிய கதிரை ஒன்றிலும் இருக்காமல் மாமரத்தடியில் வெயில்பட நின்றார்.

உரித்துக்காரர் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், அழைக்காமலே மரக்காலை ஆட்கள் எழும்பி வந்தார்கள். முணுமுணுத்தவனும் வந்தான். ஒருவர்பின் ஒருவராகக் குனிந்தார்கள். ஜெறோம் பெருவிரலில்லாத கையால் அரிசியை அள்ள முயன்று, முடியாமல், மற்றக் கையில் மாற்றிக்கொண்டான். ஜெயசுதன் இடக்கையை வலக்கைக்கு அணைகொடுத்து அள்ளினான். ஆனாலும் விரலில்லாத இடத்தால் அரிசி ஒழுகி, வாகீசனின் வெள்ளைச் சட்டையில் வரிசையாக விழுந்தது. எவரும் அதைத் தட்டிவிடவில்லை.

“அவரின்ரை சாமான் ஏதும் வைக்கிறதெண்டா இப்ப வையுங்கோ. மூடப்போறம்,” என்றார் மலர்ச்சாலைக்காரர்.

பிரவீணன் மூக்குக்கண்ணாடியை வைத்தான். முருகேசு மாமா வெற்றிலைப் பெட்டியை வைத்தார். இரண்டு நாளாக அவர் ஆரணியோடு கதைக்கவில்லை. இப்போது ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

ஆரணி குனிந்தாள். சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, தேய்ந்து சாய்ந்த அழிறப்பரை அப்பாவின் சட்டைப்பைக்குள் போட்டாள். பையின் வாயை இருமுறை தடவி மூடிவிட்டாள்.

பெட்டி மூடப்பட்டது. பெண்கள் வழக்கம்போலப் படலையோடு நின்றுவிட்டார்கள். பறை ஒழுங்கையில் திரும்பி, கோயில் வீதியில் தேய்ந்து, கேளாமற்போனது. உதயகலா பின்வளவுக்குப் போய், கொடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

ஆரணியின் கையில் பென்சில் இருந்தது. திங்கட்கிழமை அப்பா சீவிய கூர் அப்படியே இருந்தது.